லேப்டாப்புக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப் போற விஷயம், பாக்குறதுக்கு ரொம்பச் சின்னது. புது லேப்டாப் வாங்கப் போறோம். ரெண்டு வாரம் ரிவ்யூ பார்த்து, நாலு பேர்கிட்ட கேட்டு, கார்டு ஆஃபர் எல்லாம் கணக்குப் போட்டு, ஒரு வழியா மாடலை முடிவு பண்ணி பில் கவுண்டருக்கு வந்துட்டோம். அங்க ஒரு கேள்வி வரும். "சார், இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்துடலாமா? ஒரு நாளைக்குப் பார்த்தா ஒரு டீ காசு கூட வராது."

பின்னாடி க்யூ நிக்குது. கூட வந்த அப்பா "போட்டுடு, பிரச்சினை வேண்டாம்"ங்கிறார். கூட வந்த ஃப்ரெண்ட் "டேய், அதெல்லாம் வேஸ்ட்"ங்கிறான். ரெண்டு வாரம் யோசிச்சு லேப்டாப் எடுத்த நாம, ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய் விஷயத்தை முப்பது செகண்ட்ல முடிவு பண்றோம். அந்த முப்பது செகண்டைத்தான் இன்னைக்கு கொஞ்சம் நீட்டிப் பார்க்கப் போறோம்.

எதுக்குக் காசு கொடுக்குறோம்?

முதல்ல வாரண்டின்னா என்னன்னு தெளிவு பண்ணிக்கலாம். கம்பெனி கொடுக்குற ஒரு வருஷ வாரண்டி, தயாரிப்புல இருந்த குறைக்கு மட்டும்தான். மதர்போர்டு தானா செத்துப்போச்சு, ஸ்கிரீன்ல தானா கோடு விழுந்துச்சு, கீபோர்டு வேலை செய்யலை. இதெல்லாம் அதுல வரும். காபி கொட்டிடுச்சு, பைக்ல போறப்ப பேக் கீழே விழுந்துச்சு, கேபிள்ல கால் தடுக்கி லேப்டாப் மேசையில இருந்து பறந்துச்சுன்னா வராது. நிறைய பிராண்டோட விதிமுறையைப் படிச்சுப் பார்த்தீங்கன்னா, எறும்பு, பூச்சி உள்ளே போய் ஏற்படுற சேதத்தைக்கூட வெளியே தள்ளி வச்சிருப்பாங்க. நம்ம ஊர் வீடுகள்ல இது கற்பனை இல்லை.

எக்ஸ்டெண்டட் வாரண்டிங்கிறது பெரும்பாலும் அந்த முதல் வருஷ வாரண்டியோட நீட்டிப்புதான். காலம்தான் கூடும், எதுக்கெல்லாம் பொருந்தும்ங்கிறது கூடாது. கீழே விழுந்தாலும் தண்ணி பட்டாலும் சரி பண்ணித் தரணும்னா அதுக்கு வேற பேர்: ஆக்சிடெண்டல் டேமேஜ் புரொடெக்‌ஷன். அது தனி பிளான், தனி விலை. கவுண்டர்ல ரெண்டையும் ஒரே மூச்சில் "ஃபுல் கவர் சார்"னு சொல்லிடுவாங்க. வீட்டுக்குப் போய் பேப்பரைப் பார்த்தாதான் எது எதுன்னு தெரியும்.

பேட்டரியைப் பத்தியும் ஒரு வார்த்தை. லேப்டாப்புக்கு மூணு வருஷ வாரண்டி இருந்தாலும், பெரும்பாலான பிராண்டுகள்ல பேட்டரிக்கு ஒரு வருஷம்தான். மூணாவது வருஷத்துல நிச்சயமா தேயப் போற ஒரே பொருள் பேட்டரிதான். அதைத்தான் பிளான் தொடாது.

நூறு பேர் கணக்கு

சரி, கணக்குக்கு வருவோம். 60,000 ரூபாய் லேப்டாப். ரெண்டு வருஷம் கூடுதல் வாரண்டி 6,000 ரூபாய்னு வச்சுக்குவோம்.

லேப்டாப் எவ்வளவு அடிக்கடி பழுதாகும்? 2009ல அமெரிக்காவுல ஸ்கொயர்டிரேடுங்கிற கம்பெனி 30,000 லேப்டாப்போட தரவை வெச்சு ஒரு கணக்கு வெளியிட்டாங்க. மூணு வருஷத்துல 31% லேப்டாப் ஏதோ ஒரு வகையில பழுதாகுதுன்னு சொன்னாங்க. அதுல சுமார் 20% ஹார்ட்வேர் தானா பழுதாகுறது, சுமார் 11% கீழே போட்டது, தண்ணி கொட்டினது மாதிரி விபத்து. இது பழைய கணக்கு. அதோட, ஸ்கொயர்டிரேடே வாரண்டி விக்கிற கம்பெனி. பழுது அதிகம்னு சொன்னா அவங்களுக்குத்தான் லாபம். அப்படியிருந்தும் அவங்க சொன்ன எண்ணே பத்துல ரெண்டு லேப்டாப்தான். அந்த ரெண்டுலயும் முதல் வருஷத்துல பழுதானதைக் கம்பெனி எப்படியும் இலவசமா சரி பண்ணிடும். மீதிக்குத்தான் நாம காசு கட்டுறோம்.

இப்போ நூறு பேர் இந்தப் பிளானை வாங்குறாங்கன்னு வைங்க. மொத்தம் 6 லட்சம் வசூல். அந்த ரெண்டு வருஷத்துல 15 பேருக்குப் பழுது வருது, சராசரியா ஆளுக்கு 12,000 ரூபாய் செலவுன்னு நானா ஒரு எண் போட்டுக்கறேன். மொத்தம் 1,80,000. மீதி 4,20,000 எங்கே போகுது? 18% ஜிஎஸ்டி, கடைக்குக் கமிஷன், பிளானை நடத்துற கம்பெனியோட செலவு, லாபம். என் எண்களை நீங்க கொஞ்சம் முன்னே பின்னே மாத்திக்கலாம், ஆனா திசை மாறாது. வாங்குறவங்களுக்குச் சராசரியா லாபம் வர்ற மாதிரி யாரும் பிளான் விக்க மாட்டாங்க. வித்தா கடையை மூட வேண்டியதுதான்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. எலக்ட்ரானிக் பொருள் எப்போ பழுதாகும்ங்கிறதுக்கு எஞ்சினியர்கள் ஒரு வளைவு போடுவாங்க. பாத்டப் கர்வ்னு பேர், குளியல் தொட்டி மாதிரி இருக்கும். ஆரம்பத்துல பழுது அதிகம், நடுவுல தாழ்ந்து சமமா போகும், வயசானதும் மறுபடி ஏறும். பேக்பிளேஸ்னு ஒரு பேக்கப் நிறுவனம், தங்களோட ஆயிரக்கணக்கான ஹார்டு டிஸ்க்கை வெச்சு 2013ல கணக்கு வெளியிட்டாங்க. முதல் ஒன்றரை வருஷத்துல வருஷத்துக்கு 5.1%, அடுத்த ஒன்றரை வருஷத்துல 1.4%, அதுக்கப்புறம் 11.8%. இது டேட்டா சென்டர்ல ஓடுற டிஸ்க், லேப்டாப் இல்லை. ஆனா அந்த வடிவத்தைப் பாருங்க. நமக்கு விக்கிற ரெண்டாவது, மூணாவது வருஷம், தொட்டியோட அடிப்பகுதிக்குப் பக்கத்துல வருது.

இதோட எபிசோடை முடிச்சுடலாம். "வேஸ்ட் மக்களே, வாங்காதீங்க, பை." நிறைய வீடியோ இங்கேதான் முடியுது.

ஆனா நீங்க நூறு பேர் இல்லை

போன மாசம் மதுரையில இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஃப்ரீலான்ஸா கிராஃபிக் டிசைன் பண்றாங்க. 58,000 ரூபாய் லேப்டாப், பன்னிரண்டு மாச இஎம்ஐ. வீட்டுல இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் அதுதான். பகல்ல இவங்க வேலை, ராத்திரி தம்பியோட காலேஜ் புராஜெக்ட். "அண்ணா, எல்லாரும் வேஸ்ட்னு சொல்றாங்க. அந்த 6,500 ரூபாயை மிச்சம் பண்ணிடவா?"னு கேட்டாங்க.

நான் அவங்களுக்குச் சொன்ன பதில்: வேண்டாம், நீங்க வாரண்டி போடுங்க.

ஏன்னு சொல்றேன். "வேஸ்ட்"னு சொல்றவங்க யாரு? பெரும்பாலும் என்னை மாதிரி ஆளுங்க. வீட்டுல ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். ஆபீஸ் லேப்டாப் வேற. பேங்க்ல அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் இருக்கும். மதர்போர்டு போச்சுன்னா 25,000 ரூபாய் செலவு, எரிச்சல், ரெண்டு நாள் புலம்பல், அவ்வளவுதான். எனக்குச் சராசரி கணக்கு பொருந்தும். இன்னைக்கு லேப்டாப், நாளைக்கு ஃப்ரிட்ஜ், அப்புறம் டிவின்னு பத்து பொருள்ல வாரண்டி வேண்டாம்னு சொல்லி, ஒண்ணு பழுதானா மத்த ஒன்பதுல மிச்சமானதை வெச்சு நான் சமாளிச்சுக்குவேன்.

அந்தத் தங்கச்சிக்கு ஒரே பொருள்தான். பதினாலாவது மாசம் மதர்போர்டு போனா அவங்களுக்கு 25,000 மட்டும் நஷ்டம் இல்லை. அந்தப் பணத்தைப் புரட்டுற வரைக்கும் வேலை இல்லை. கையில் இருக்கிற கிளையண்ட் வேற ஆளைப் பார்த்துப்பார். தம்பி ஃப்ரெண்ட் வீட்டுல போய் உட்காரணும். இல்லைன்னா வட்டிக்கு வாங்கணும். பழுது வர்ற வாய்ப்பு எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான். வந்தா என்ன ஆகும்ங்கிறது ஒண்ணு இல்லை.

அதனால நீங்க கேட்டுக்க வேண்டிய கேள்வி "இது பழுதாகுமா?" இல்லை. அதுக்கு யாருக்கும் பதில் தெரியாது. "பழுதானா அடுத்த மாசம் என் நிலைமை என்ன?" இதுக்கு உங்களுக்குப் பதில் தெரியும்.

இதுல ஒரு கொடுமையும் இருக்கு. கையில் காசு தாராளமா இருக்கிறவங்க யோசிக்காம பிளானைப் போட்டுடறாங்க, அவங்களுக்கு அது தேவையே இல்லை. இஎம்ஐல இழுத்துப் பிடிச்சு வாங்குறவங்ககிட்ட கவுண்டருக்கு வர்றப்போ 500 ரூபாய்கூட மிச்சம் இருக்காது. யாருக்குத் தேவையோ அவங்கதான் விட்டுடறாங்க.

அதுக்கு ஒரு வழி சொல்றேன். பட்ஜெட்டை லேப்டாப்புக்கு மட்டும் போடாதீங்க. 65,000 ரூபாய் இருக்குன்னா 65,000 ரூபாய் லேப்டாப்பைப் பார்க்காம, 57,000 ரூபாய் லேப்டாப்பும் நல்ல வாரண்டியும் சேர்த்துப் பாருங்க. பிசினஸ் சீரிஸ்னு வர்ற மாடல்கள்ல சிலது மூணு வருஷ வாரண்டியோடவே வருது, அதையும் கேளுங்க. அப்புறம், பழைய லேப்டாப் இருந்தா எக்ஸ்சேஞ்ச்ல மூவாயிரம் ரூபாய்க்குத் தள்ளிடாதீங்க. மெதுவா ஓடினாலும் மெயில் அனுப்ப ஒரு மிஷின் வீட்டுல இருக்கட்டும். அதுவும் ஒரு வாரண்டிதான்.

"அண்ணா, நான் அந்த 6,000 ரூபாயைத் தனியா சேர்த்து வச்சுக்கிறேனே"ன்னு சிலர் கேப்பீங்க. ஏற்கெனவே கையிருப்பு இருக்கிறவங்களுக்கு அது சரியான யோசனை. லேப்டாப் நல்லபடியா ஓடினா பணம் உங்களோடது. கையிருப்பு இல்லைன்னா பதிமூணாவது மாசம் 25,000 ரூபாய் பில் வந்தா இந்த 6,000 போதாது.

அசெம்பிள்டு பிசியா? கணக்கே வேற

டெஸ்க்டாப் அசெம்பிள் பண்றவங்களுக்கு நான் தனியா வாரண்டி பிளான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஏன்னா ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனியா வாரண்டி இருக்கு, அதுவும் நீளமா. பாக்ஸ்ல வர்ற ப்ராசஸருக்குப் பொதுவா மூணு வருஷம். எஸ்எஸ்டிக்கு மூணு இல்லைன்னா அஞ்சு வருஷம், அல்லது இத்தனை டெராபைட் எழுதுற வரைக்கும், எது முதல்ல வருதோ அது. நல்ல பவர் சப்ளைக்கு அஞ்சுல இருந்து பத்து வருஷம் வரைக்கும். ரேமுக்கு நிறைய பிராண்டுகள்ல லைஃப்டைம்னே போட்டிருப்பாங்க. 2024ல இன்டெல்லோட 13ஆவது, 14ஆவது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள்ல பிரச்சினை வந்தப்போ, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு அவங்களே இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டியை நீட்டிச்சாங்க. அந்த ப்ராசஸர் வச்சிருக்கிறவங்க உங்க மாடல் பட்டியல்ல இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

இங்கே முக்கியம் பில். ரிச்சி ஸ்ட்ரீட்ல "பில் இல்லாம எடுத்துக்கோங்க, குறைச்சுத் தர்றேன்"னு சொன்னா, அங்கே குறையறது ஜிஎஸ்டி மட்டும் இல்லை, மூணு அஞ்சு பத்துன்னு மேலே சொன்ன அத்தனை வருஷமும்தான். ஜிஎஸ்டி பில் வாங்குங்க. அதுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் இருக்கட்டும். பாக்ஸைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

போடறதுன்னு முடிவு பண்ணிட்டா

முதல் விஷயம், அவசரமே இல்லை. பல பிராண்டுகள்ல, முதல் வருஷ வாரண்டி முடியறதுக்குள்ள எப்போ வேணாலும் அவங்க வெப்சைட்லயே நீட்டிப்பை வாங்கலாம். இங்கிலாந்துல இந்தக் கவுண்டர் நெருக்கடி பெரிய பிரச்சினையாகி, அரசாங்கமே விசாரிச்சு 2005ல ஒரு ஆணை போட்டாங்க. கடைக்காரர் பிளானைச் சொன்னா அதே விலையை 30 நாள் வரைக்கும் தரணும், வாங்கினவங்க 45 நாளுக்குள்ள வேண்டாம்னு சொன்னா, கிளைம் பண்ணாத பட்சத்துல முழுப் பணமும் திரும்பக் கொடுக்கணும்னு. நாம அந்த 30 நாளை நாமளே எடுத்துக்கலாம். "வீட்டுல போய்ப் படிச்சுட்டுச் சொல்றேன்"னு சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. கவுண்டர்ல நிக்கிற தம்பிமேல கோபப்படாதீங்க. மாசத்துக்கு இத்தனை பிளான் விக்கணும்னு அவருக்கு டார்கெட் இருக்கும்.

ரெண்டாவது, யார் பிளான்னு கேளுங்க. லேப்டாப் பிராண்டோட சொந்த நீட்டிப்புன்னா சர்வீஸ் சென்டர்ல சீரியல் நம்பரைச் சொன்னாலே அவங்க சிஸ்டத்துல தெரியும். கடையோட பிளான், வேற கம்பெனி நடத்துறதுன்னா ரிப்பேர் எங்கே நடக்கும், ஒரிஜினல் பார்ட் போடுவாங்களான்னு கேளுங்க. சரி பண்ண முடியலைன்னா என்ன தருவாங்கன்னு பாருங்க. சில திட்டங்கள்ல வருஷத்துக்கு இவ்வளவு தேய்மானம்னு கழிச்சு, மீதிக்குப் பணம் தராம அதே கடையோட வவுச்சர் தருவாங்க. விலையில ஆயிரம் ரெண்டாயிரம் கூடினாலும் நான் பிராண்டோட பிளானைத்தான் எடுப்பேன்.

மூணாவது, ஆள் வீட்டுக்கு வருவாங்களா, நாம தூக்கிட்டுப் போகணுமா? சென்னையில இருக்கிறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்து சர்வீஸ் சென்டர் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்ல, வீட்டுக்கு வர்ற பிளானுக்குத்தான் மதிப்பு.

நாலாவது, விபத்துக் காப்பு. தினமும் பஸ், பைக், ஹாஸ்டல், கஃபேன்னு தூக்கிட்டுச் சுத்துறவங்களுக்கு, வெறும் நீட்டிப்பைவிட இதுதான் உதவும். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு இது தேவையில்லை. வருஷத்துக்கு எத்தனை கிளைம், ஒவ்வொரு கிளைமுக்கும் நாம எவ்வளவு கட்டணும்னு கேளுங்க.

எந்தப் பிளானும் காப்பாத்தாத ஒண்ணு இருக்கு: உங்க டேட்டா. எஸ்எஸ்டி போச்சுன்னா புது எஸ்எஸ்டி தருவாங்க, காலியா. மதர்போர்டுலயே ஸ்டோரேஜ் ஒட்டி வர்ற லேப்டாப்ல மதர்போர்டை மாத்தினா உள்ளே இருந்ததெல்லாம் போச்சு. பிளான்ல போடற காசுல முதல் பங்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போகட்டும்.

"இது பிசிக்கல் டேமேஜ் சார்"

வாரண்டி இருந்தும் மறுக்கிறது நடக்கும். என் ஃப்ரெண்டோட லேப்டாப், எட்டாவது மாசம், மூடியைத் திறக்கிறப்போ ஹிஞ்ச் பக்கத்துல பிளாஸ்டிக் விரிசல் விட்டுச்சு. கீழே விழவே இல்லை. சர்வீஸ் சென்டர்ல "சிஐடி"ன்னு எழுதிட்டாங்க. போலீஸ் கேஸ் இல்லை, "கஸ்டமர் இண்ட்யூஸ்டு டேமேஜ்", அதாவது நீங்களே உடைச்சது.

அந்த மாதிரி நேரத்துல வாய்ப் பேச்சோட வந்துடாதீங்க. ஏன் மறுக்கிறாங்கன்னு ஜாப் ஷீட்லயோ மெயில்லயோ எழுதி வாங்குங்க. லேப்டாப்பைக் கொடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டுக் கொடுங்க. பிராண்டோட கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க. நகரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க வசிக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைன்ல இ-ஜாக்ரிதி தளத்துலயே பதிவு பண்ணலாம். பிரச்சினை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். என் ஃப்ரெண்டுக்கு 1915 வரைக்கும் போனதுலயே வேலை முடிஞ்சுது, ஹிஞ்சை இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. எல்லாருக்கும் அப்படி முடியும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எழுத்துல இருந்ததாலதான் அவனுக்குப் பேச ஏதாவது இருந்துச்சு.

இன்னைக்கே பண்ண வேண்டியது

ஏற்கெனவே லேப்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வேலை. அடிப்பக்க ஸ்டிக்கர்ல இருக்கிற சீரியல் நம்பரை அந்த பிராண்டோட வெப்சைட்ல போட்டு, வாரண்டி எந்தத் தேதி முடியுதுன்னு பாருங்க. சில நேரம் உங்க பில் தேதிக்கு முன்னாடியே, கடைக்குச் சரக்குப் போன தேதியில இருந்து எண்ணியிருப்பாங்க. பில்லைக் காட்டினா பல கம்பெனிகள் திருத்திக் கொடுத்துடுவாங்க, ஆனா நாமதான் கேட்கணும்.

அந்தத் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி போன்ல ரிமைண்டர் வைங்க. அந்த நாள்ல ரெண்டு விஷயம் பண்ணுங்க. ஒண்ணு, அழுந்தாத கீ, லூஸான சார்ஜிங் போர்ட், சீக்கிரம் இறங்குற பேட்டரின்னு "அப்புறம் பார்க்கலாம்"னு விட்ட எல்லாத்தையும் இலவசமா சரி பண்ணிக்கோங்க. ரெண்டு, அன்னைக்கு உங்க கையிருப்பைப் பாருங்க. இந்த மிஷின் நாளைக்கு நின்னா உங்களால வேற ஏற்பாடு பண்ண முடியும்னா நீட்டிக்காதீங்க. முடியாதுன்னா நீட்டிச்சுடுங்க. மூணு வருஷம் ஒண்ணும் ஆகாம ஓடுச்சுன்னா, காசு போச்சேன்னு வருத்தப்படாதீங்க. மதுரைத் தங்கச்சிக்கும் இதையேதான் சொன்னேன்.

உங்க சர்வீஸ் சென்டர் அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த வாரம் சிலதைப் போடுறேன். சந்திப்போம் மக்களே.